புளி தேய்த்த சலவைக்கல்

கீர்த்தனா கொண்டுவந்த வெள்ளைக் கல் அவளுடைய உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது. உடைந்த பக்கம் கற்கண்டுத் தூளைப் போல மினுங்கியது. பக்கத்துத் தெருவில் யாரோ பூஜை அறைக்குத் தரை பதிக்கிறார்களாம், அதில் மீந்த துண்டாம்.

"சலவக்கல்லு டீச்சர். கேட்டுட்டுதான் எடுத்தாந்தேன்," என்றாள், நான் கேட்காமலே.

ஏழாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னல் கம்பிகளில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பாதிப் பிள்ளைகளுக்குக் கண் செருகும் நேரம். எனக்கும்தான் செருகும், ஆனால் சம்பளம் வாங்குகிறவளுக்கு அந்த உரிமை கிடையாது.

ஆணியால் கல்லை உரசிக் கொஞ்சம் மாவு எடுத்தேன். அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். வகுப்பே மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. மாவுக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குமிழ்கள் கிளம்பின. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால், திறந்து வைத்த சோடா பாட்டிலுக்குள் கேட்கும் அந்த முணுமுணுப்பு.

"கல்லு கரையுதா டீச்சர்?"

"கரையுது. சலவைக்கல்லுன்றது சுண்ணாம்புக்கல்லு பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் மாறிப்போனது. புளிப்பு எது பட்டாலும் கரைய ஆரம்பிச்சிடும். எலுமிச்சம்பழம், வினிகர், புளி..."

புளி என்று சொன்னவள் அப்படியே நின்றுவிட்டேன். 

கடலூர் முதுநகரில் என் அப்பா, ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். அம்மாவின் கல்லறைக்கு மேலிருக்கும் சலவைக்கல்லைப் புளி போட்டுத் தேய்ப்பார். அம்மா இறந்த வருடத்திலிருந்து ஒரு வாரம் விடாமல் தேய்த்து வருகிறார்.

கல் இல்லாத ஊர்

இந்தத் தொடரில் அம்மாவைப் பற்றி எழுதாமலே தப்பித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருந்தார். உண்மைதான். இந்த வாரம் தப்பிக்க முடியாது. ஆனாலும் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், நேரே போக எனக்குத் தெரியாது.

சிதம்பரத்தில் பாறைப் பாடம் நடத்துவது, பாலைவனத்தில் நீச்சல் சொல்லித்தருகிற வேலை. இங்கே எங்கே தோண்டினாலும் களிமண், அதற்குக் கீழே மணல், அதற்குக் கீழே மறுபடி களிமண். ஆறுகள் பல்லாயிரம் வருடங்களாகக் கொண்டுவந்து கொட்டிய சேறு. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று புத்தகத்தில் மூன்று படம் இருக்கும். பிள்ளைகள் அந்தப் படங்களைத்தான் தடவிப் பார்ப்பார்கள். கோயிலில் பார்க்கிற அத்தனை பெரிய தூண்களும் வெளியூரிலிருந்து வந்தவை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கோயிலைப் போலவே அந்தக் கற்களும் இந்த ஊரிலேயே முளைத்தவை என்பது அவர்கள் எண்ணம்.

அதனால் ஒவ்வொரு வருடமும் ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொல்வேன். ரயில் தண்டவாளத்து ஜல்லி வரும். உடைந்த அம்மிக்கல் வரும். சமையல் மேடைக்குப் போட்ட கடப்பாக்கல் வரும். ஒரு வருடம் ஒருத்தன் செங்கல்லைக் கொண்டுவந்து, அதுவும் கல்தானே என்று மணி அடிக்கும்வரை வாதாடினான். அவன் இப்போது வக்கீலுக்குப் படிப்பதாகக் கேள்வி.

என்கூட வேலை பார்க்கும் தமிழ்ச்செல்வி டீச்சருக்கு ஸ்ரீமுஷ்ணம் சொந்த ஊர். விவசாயக் குடும்பம். இந்தக் கல் வேட்டையைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"எங்க ஊரு சாமி கடலுக்குள்ள போயி பூமியையே தூக்கியாந்தவரு. நீ என்னான்னா ஒரு கல்லுக்கு இந்த அல்லாடு அல்லாடற," என்பாள். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் கோயில் பிரசாதமான கோரைக்கிழங்கு உருண்டையை எனக்கென்று எடுத்து வருவாள். மண்ணுக்கடியில் விளைந்த கிழங்கின் அந்த வாசம் கையில் சாயங்காலம் வரை நிற்கும்.

மேற்கே கொஞ்சம் போனால் கதையே வேறு. பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி. ஒரு காலத்தில் அது காடு. வெயில் வாங்கி, இலை உதிர்த்து, சாய்ந்து, புதைந்து கிடந்த காடு. நம் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறதே, அதைச் சுற்ற வைப்பது அந்தக் காடுதான் என்று சொல்லும்போது வகுப்பில் எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து ஃபேனைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஒரு நிமிடம் ரொம்பப் பிடிக்கும்.

சனிக்கிழமைச் சத்தம்

எங்கள் வீட்டுப் பீடத்தில் இரண்டு பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளும் ஒரு பித்தளைச் சிலுவையும் இருந்தன. சனிக்கிழமை மதியம் அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து அவற்றைத் தேய்ப்பாள். பழம்புளியை ஊற வைத்து, கல்லுப்பு சேர்த்து, பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றையும் சேர்த்துக்கொள்வாள். கறுத்துப் போன பித்தளை அவள் விரலுக்கு அடியில் மஞ்சளாகத் திரும்பி வரும்.

அம்மா பெயர் பிலோமினா. பேச்சு குறைவு. தேய்க்கும்போது மட்டும் மூக்கால் ஏதோ ஒரு மாதா பாட்டை இழுத்துக்கொண்டிருப்பாள். பாட்டுக்கும் தேய்ப்புக்கும் ஒரே தாளம். மதியத் தூக்கத்தில் கிடக்கும் எனக்கு அந்தச் சத்தம் கனவுக்குள் வரும், போகும்.

அப்பா பஸ் மெக்கானிக். அவர் கையில் எப்போதும் கிரீஸ். சனிக்கிழமைகளில் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், பின்வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அம்மா தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உதவி செய்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைத்தவர் இல்லை. பார்ப்பார், அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு, லாரி ஓட்டும் நண்பர் ஒருவர் மூலமாக வடக்கிலிருந்து அந்த வெள்ளைச் சலவைக்கல்லைத் தருவித்தவர் அப்பா. கருங்கல் போடலாம், உழைக்கும் என்று எல்லோரும் சொன்னோம். "அவ வெள்ளையா வச்சிக்குவா எதையும்," என்று சொல்லிவிட்டார்.

கல் வைத்த முதல் மழைக்காலத்திலேயே அதில் பாசி படர்ந்தது. அடுத்த ஞாயிறு அவர் ஒரு கிண்ணத்தில் புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு போனார். வீட்டு வேலை என்று அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதுவும் பார்த்தே தெரிந்துகொண்டது. நான் கூடப் போன அன்றைக்கு, அவர் மண்டியிட்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பதைப் பார்த்தேன். அம்மாவின் கைதான் அது. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, பாசி போனதே என்று சந்தோஷப்பட்டேன். புளி பித்தளைக்குத்தான் நல்லது என்று பாடம் நடத்துகிறவளுக்கே உறைக்கவில்லை.

வருடா வருடம் கல்லறைத் திருநாளில் தோட்டமே மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாக இருக்கும்போது, எங்கள் கல்தான் பளிச்சென்று தெரியும். பக்கத்துக் கல்லறைக்கு வரும் ஸ்டெல்லா அக்கா, "அப்படி என்னாதான் போட்டுத் தேய்க்கறீங்க?" என்று கேட்டார். அப்பா பெருமையாகப் புளி வைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தார். நல்லவேளை, ஸ்டெல்லா அக்காவுடையது கருங்கல். அதைப் புளியில் ஊறப்போட்டாலும் அசையாது.

வின்சென்ட் சொன்னது

அன்று சாயங்காலம் அண்ணாமலை நகர் வீட்டுக்கு வந்து கணவர் வின்சென்ட்டிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். போன தடவை போனபோது, பெயருக்கு அடியில் சின்னதாக வெட்டியிருந்த பிறப்பு, இறப்புத் தேதிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்பு பெயின்ட் உதிர்ந்துவிட்டது, உப்புக்காற்று என்று அப்பா சொன்னார். நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

"அப்ப அடுத்தது பேருதான்," என்றார் வின்சென்ட்.

"சொல்லிடட்டுமா?"

அவர் ஒரு சட்டையை மடித்து வைத்தார். "மாமா ஆறு நாளும் அந்த ஞாயித்துக்கெழமைக்காகத்தான் எழுந்திரிக்கிறாரு. புளி வாங்கறதுக்கே மார்க்கெட்டுல நாலு கட பாக்குறாரு. அத நிப்பாட்டுன்னா, அப்புறம் கைய வச்சிக்கிட்டு என்னா பண்ணுவாரு?"

அதுதான் விஷயம். சொன்னால் அப்பாவின் கைக்கு இருக்கும் ஒரே வேலை போகும். சொல்லாவிட்டால் அம்மாவின் பெயர் போகும். இரண்டில் எதை நான் எடுப்பது? 

கறுப்பு மணல்

அந்தச் சனிக்கிழமை கடலூருக்குப் பஸ் ஏறினேன். கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. புதுச்சத்திரம் தாண்டினால் வயல்களில் தண்ணீர் நின்று வானம் முழுவதும் அதில் கிடக்கும். ஜன்னலோர சீட்டும் கிடைத்துவிட்டால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன். வயல், கொக்கு, மேகம் என்று என்னவோ ஒன்றாக ஆகிவிடுவேன். இறங்க வேண்டிய இடத்தைப் பலமுறை விட்டிருக்கிறேன்.

அன்று விடவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் சொல்லவும் முடியவில்லை. வாசலில் முறத்தில் புளி காய்ந்துகொண்டிருந்தது. கொட்டை எடுத்து, நார் எடுத்து, அவ்வளவு சுத்தமாக.

"கடக்கரைக்குப் போயிட்டு வரலாமாப்பா?" என்றேன்.

தேவனாம்பட்டினத்துக் கரையில் அலை பின்வாங்கிய இடத்தில் மணல் கறுப்புக் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. நான் குனிந்து ஒரு கை அள்ளினேன். கறுப்புக்குள் நுணுகி நுணுகிப் பார்த்தால் மாதுளை நிறத்தில் துகள்கள். கார்னெட் என்ற கனிமம். எங்கோ மேற்கே ஒரு மலைக்குள் இருந்தது, மலை தேய்ந்து, மழையில் உருண்டு, ஆற்றில் மிதிபட்டு, இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கனமான துகள் என்பதால் அலை வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு இதை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. அப்பாவின் உள்ளங்கையில் கொஞ்சம் போட்டேன். சாயங்கால வெளிச்சத்தில் அவர் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

படகுகள் மேடேறிக் கிடந்தன. வலை காயும் வாசனை. நாங்கள் நடந்தோம். இங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று தைரியம் வந்தது.

"அம்மா மேல இருக்கே சலவைக்கல்லு, அது மொதல்ல என்னாவா இருந்துச்சு தெரியுமாப்பா?"

"என்னாவா?"

"கடலுக்கடியில கெடந்த கிளிஞ்சல், சிப்பி, கண்ணுக்கே தெரியாத பூச்சிங்களோட ஓடு. எல்லாம் படிஞ்சி படிஞ்சி சுண்ணாம்புக்கல்லாச்சு. அது பூமிக்குள்ள வெந்து சலவைக்கல்லாச்சு."

அப்பா நின்றுவிட்டார். கடலைப் பார்த்தார். "அப்ப உங்கம்மா ஒரு கடலப் போத்திக்கிட்டு படுத்திருக்கா," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நான் பாக்கியை விழுங்கிவிட்டேன். மனம் லேசாகவும் இருந்தது, கோழை என்றும் திட்டியது.

தேய்மானம்

மறுநாள் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மழை இல்லை, வெயிலும் இல்லை. எல்லாவற்றின் மீதும் பால் ஊற்றிய மாதிரி ஒரு வெளிச்சம். திருநாளுக்காக ஆங்காங்கே ஆட்கள் புல் செதுக்கிக்கொண்டும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா தூரத்திலிருந்து கையை ஆட்டினார்.

அப்பா சாக்கை விரித்து மண்டியிட்டார். கிண்ணத்தைத் திறந்தார். அதற்கு மேல் தாங்கவில்லை எனக்கு.

"அப்பா, இருங்க. இங்க தொடுங்க."

அவர் கையைப் பிடித்துக் கல்லின் பக்கவாட்டில் வைத்தேன். மண்ணை ஒட்டிய ஓரம், அவர் ஒருநாளும் தேய்க்காத இடம். அங்கே கல் கண்ணாடி மாதிரி வழுக்கியது. பிறகு அதே விரலை மேலே, பெயருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். அங்கே கல்லுப்பைத் தொடுவது போலச் சொரசொரப்பு.

வாழ்நாள் முழுக்க இரும்பைத் தடவியே கோளாறு கண்டுபிடித்த விரல் அது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தேய்மானம்," என்றார் மெதுவாக.

"புளிப்பு பட்டா இந்தக் கல்லு கரையும்பா. எனக்கே இந்த வாரம்தான் உறைச்சுது."

அவர் தேதிகள் இருந்த இடத்தைத் தடவினார். முன்னும் பின்னும் தடவினார். "உப்புக்காத்துன்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தேன்."

"உப்புக்காத்தும்தான். மழையும்தான். மழத்தண்ணிலயே கொஞ்சம் புளிப்பு கலந்துதான் வருது."

"மழைலயா?"

"ஆமாம்பா. காத்துல இருக்குற வாயு அதுல கரையுது. மழை ரொம்ப மெதுவா கரைக்கும். புளி சீக்கிரமா கரைக்குது."

அப்பா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருடைய கை இரண்டும் மடியில் கிடந்தன. வேலை இல்லாத அந்தக் கைகளைப் பார்த்ததும், ஏன்டி சொன்னாய் என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தூரத்தில் யாரோ மண்வெட்டியைக் கல்லில் தட்டி மண்ணை உதிர்த்தார்கள்.

"தண்ணி மட்டும் ஊத்தித் துணியால தொடைக்கலாம்பா," என்றேன். என் குரல் எனக்கே கடையில் சாமான் விற்பவள் குரல் மாதிரி இருந்தது.

அவர் குனிந்து, பெயரின் முதல் எழுத்துக்குள் சுண்டு விரல் நுனியை விட்டுப் பார்த்தார். அடுத்த எழுத்து. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகக் கடைசி எழுத்து வரை போனார்.

"இது நல்லா ஆழமாத்தான் வெட்டியிருக்கான்," என்றார். "நான் இப்பிடியே வாராவாரம் தேய்ச்சா, இது எவ்ளோ நாளைக்கி வரும்?"

"தெரியலப்பா."

"டீச்சர்தான நீ? குத்துமதிப்பா சொல்லு."

நானும் விரலை விட்டுப் பார்த்தேன். "ஒரு இருவது வருஷம் வரும். மங்கிப்போயி, ஆனா வரும்."

"இருவது வருஷம்," என்று அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கல்லின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். புருஷன் பெண்டாட்டிக்குச் சேர்த்து வைக்கும் கல் அது. அம்மாவின் பெயருக்குக் கீழே அவருக்கென்று இடம் வெறுமையாக விட்டிருந்தது.

"அது ஜாஸ்தி. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே இங்க என் பேர வெட்ட ஒருத்தன் உளியத் தூக்கிக்கிட்டு வருவான்."

"அப்பா."

"வருவான்மா. அவன் வர்றப்ப அவ பேரையும் இன்னொருதடவ வெட்டிடச் சொல்லு. ரெண்டும் ஒரே ஆழமா இருக்கணும். பாத்து நின்னு வெட்ட வையி."

 சரி என்று தலையை ஆட்டினேன்.

அப்பா கிண்ணத்தை இழுத்துக்கொண்டு, விரலில் கொஞ்சமாகப் புளியைத் தொட்டு, பெயர் இருந்த இடத்தை விட்டு விலகித் தன் பாதியில் தேய்க்க ஆரம்பித்தார்.